பேங்க்ல இருந்து வந்து பாத்தது வேற, வீட்ட சோதிச்சுப் பாக்குறது வேற: குமரி மாவட்டத்துல பழைய வீடு வாங்குதவங்களுக்கு

2017 ஏப்ரல்ல தக்கலைக்குப் பக்கத்துல 7 சென்ட்ல ஒரு கான்கிரீட் வீடு வாங்குனோம். லோன் போட்ட பேங்க்ல இருந்து ஒரு இஞ்சினியர் வந்தாரு, டேப் புடிச்சு அளந்தாரு, நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்தாரு, கரெண்ட் பில்லும் தீர்வை ரசீதும் பாத்தாரு, அரை மணி நேரத்துல கெளம்பிட்டாரு. அவரு போட்ட மதிப்பும் நாங்க பேசுன வெலையும் ஏறக்குறைய ஒண்ணா வந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. அப்பா சொன்னாங்க, "பேங்க்காரன் சும்மா ரூவா குடுப்பானா, அவனே இஞ்சினியர விட்டு பாத்துட்டாம்லா, பொறவு என்ன யோசன."

அதே வருஷம் நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்துச்சு. மொட்டமாடில ட்ரஸ் அடிச்சு போட்டிருந்த ஷீட்டு பாதிக்கு மேல பறந்து போச்சு, அது எங்க ஊர்ல அன்னைக்கு எல்லார் வீட்டுலயும் நடந்ததுதான், ஆனா ஷீட்டு போன பொறவுதான் அடியில இருந்த தளத்தோட நெலம தெரிஞ்சுச்சு. ரெண்டு பெட்ரூம்லயும் சீலிங் ஒழுகுச்சு, ஒரு ரூம்ல பூச்சு கட்டியா பேந்து கட்டில் மேல விழுந்துச்சு, நல்ல வேளை பிள்ளைங்க அங்க படுக்கல. பேந்த எடத்துல கம்பி துரு புடிச்சு உப்பி வெளிய தெரியுது. ஒழுகுதுன்னுதான் பழைய ஓனர் மேல ஷீட்டு போட்டிருக்காரு, உள்ள பூச்சு பாத்து பெயிண்ட் அடிச்சு வித்திருக்காரு. சரி பண்ண 3,80,000 ரூவா ஆச்சு.

நான் பேங்க்ல போய் கேட்டேன், உங்க இஞ்சினியர் பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னாருன்னு. அங்க இருந்த ஆபீசர் பொறுமையா சொன்னாரு, அவரு வந்தது இந்த எடம் எங்க கடனுக்குத் தாங்குமான்னு பாக்க, உங்களுக்கு வீடு ஒழுகுமான்னு பாக்க இல்லன்னு. ரிப்போர்ட் காப்பிய வாங்கிப் பாத்தா அதுலயே கட்டடத்தோட உறுதி பத்தி தனியா சோதனை எதுவும் செய்யலன்னு ஒரு வரி கெடக்கு. அந்த வரிய வாங்குததுக்கு முன்னாடி படிச்சிருந்தா 3,80,000 மிஞ்சிருக்கும்னு இன்னைக்கும் மனசு கெடந்து அடிக்கும். அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதுதேன்.

ரெண்டு பேரு, ரெண்டு கேள்வி

பேங்க் அனுப்புதவரு வேல்யூவர். அவருக்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், நாளைக்கு இந்த ஆளு கடன் கட்டலன்னா இந்த எடத்த வித்தா எவ்வளவு கெடைக்கும். அதனாலதான் அவரு ரிப்போர்ட்ல மார்க்கெட் மதிப்பு, வித்தா கையில வரக்கூடிய மதிப்பு, அவசரத்துக்கு வித்தா வரக்கூடிய மதிப்பு, அரசாங்க வழிகாட்டி மதிப்புன்னு நாலு தொகை இருக்கும். அவருக்கு பீஸ் குடுக்குறது நம்ம பாக்கெட்ல இருந்துதான், ஆனா அவரு வேல செய்யுறது பேங்க்குக்கு. இத மனசுல வச்சுக்கிடுங்க.

நீங்களா கூட்டிட்டுப் போற சிவில் இஞ்சினியருக்குக் கேள்வி வேற. இந்த வீட்ல என்ன கெட்டுப் போயிருக்கு, என்ன கெட்டுப் போகப் போகுது, சரி பண்ண எவ்வளவு ஆகும். வெல சரியா தப்பான்னு அவரு சொல்ல வேண்டியதில்ல. ஒரு வீட்டுக்கு வேல்யுவேஷன் அருமையா வரும், தளம் பூரா துரு புடிச்சிருக்கும், ஏன்னா ரோட்டு மேல 7 சென்ட் நெலத்துக்கே அந்தக் காசு பெறும். இன்னொரு வீடு இரும்பு மாதிரி நிக்கும், ஆனா 3 அடி நடவழிதான் இருக்குன்னு வேல்யூவர் மதிப்பக் கொறச்சிருவாரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி இல்ல.

என் சித்தி மகன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல வீடு வாங்குனான், அங்க இந்த ரெண்டும் தனித்தனின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஹோம் இன்ஸ்பெக்ஷன வாங்குதவன் ஏற்பாடு பண்ணுவான், அப்ரைசல லோன் குடுக்குதவன் ஏற்பாடு பண்ணுவான். டெக்சாஸ்ல ஒப்பந்தம் போட்ட பொறவு ஆப்ஷன் பீரியட்னு கொஞ்ச நாள் வாங்கிக்கலாமாம், அதுக்கு ஒரு சின்னத் தொக ஓனருக்குக் குடுக்கணும், அந்த நாளுக்குள்ள இன்ஸ்பெக்டர விட்டுப் பாத்து புடிக்கலன்னா காரணமே சொல்லாம விலகிக்கலாம். நம்மூர்ல அப்படி ஒரு வழக்கம் கெடையாது. இங்க புரோக்கர் "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ம்பாரு, நாமளும் பதறிப் போய்க் குடுத்துருவோம். அந்த வழக்கம் இல்லாததால நாமளே வாயத் தொறந்து கேட்டு வாங்கணும், 10 நாள் டைம் குடுங்க, இஞ்சினியரக் கூட்டிட்டு வந்து பாத்துட்டு அட்வான்ஸ் தாரேன்னு. நல்ல வீடு வச்சிருக்கவங்க இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டாங்க. இஞ்சினியர மாடிக்கு ஏத்த மாட்டேன்னு சொல்லுதாங்கன்னா அந்த வீட்ட விட்டுருங்க, அதுல யோசிக்கவே வேண்டாம்.

யார கூட்டிட்டுப் போகணும்

ஓனருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தம் இல்லாத சிவில் இஞ்சினியர். புரோக்கரே "நம்ம பய இஞ்சினியர் ஒருத்தன் இருக்கான்"னா வேண்டாம்னு சொல்லிருங்க. கூடவே வயசான ஒரு கொத்தனார் கெடச்சா கூட்டிட்டுப் போங்க, அந்தப் பகுதில 30 வருஷமா வேல பாத்தவருக்கு எந்த விளை முன்னாடி கொளமா கெடந்துச்சு, எந்த எடத்துல வயல நெரத்துனாங்கன்னு தெரியும், அது எந்தப் படிப்புலயும் வராது. எலெக்ட்ரீசியன் ஒருத்தரு அரை மணி நேரம் வந்தாப் போதும். போன வருஷம் மச்சானுக்கு வில்லுக்குறி பக்கம் வீடு பாத்தப்ப எல்லாருக்குமா சேத்து 9,000 ரூவா குடுத்தோம். 50 லட்சத்துக்கு வீடு வாங்குதோம், 9,000 பெரிய காசு இல்ல.

எப்ப போகணும்ங்குறது யாரக் கூட்டிட்டுப் போறோம்ங்குற அளவுக்கு முக்கியம். நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, இடவப்பாதி ஜூன்ல இருந்து, பொறவு ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு. மாசி பங்குனில வீடு பாத்தா எல்லா சுவரும் நல்ல சுவருதான். முடிஞ்சா ஒரு நல்ல மழை பெஞ்ச மறுநாள் காலைல போங்க. கெணத்துக்கு இது நேர் தலைகீழு, ஏப்ரல் மே மாசத்துல எவ்வளவு தண்ணி கெடக்குன்னு தெரியணும், மழக்காலத்துல எல்லாக் கெணறும் நெறஞ்சுதான் கெடக்கும். ரெண்டு தடவ போக முடியலன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க, "கோடைல உங்க கெணத்துல எத்தன ஒற தெரியும்"னு. அவங்க உண்மையச் சொல்லுவாங்க.

வீட்ட எப்படிப் பாக்கணும்

முதல்ல உள்ள போகாதீங்க, வெளிய சுத்தி வாங்க. மேற்க விளவங்கோடு, கல்குளம் பக்கம் நெலம் ஏத்தமும் எறக்கமுமாத்தான் இருக்கும், மண்ண வெட்டி எடுத்துட்டு வீடு வச்சிருப்பாங்க, பின்னால 10 அடி ஒசரத்துக்கு மண்சுவரு நிக்கும். அதத் தாங்க கட்டின சுவர்ல தண்ணி வெளியேற ஓட்டை விட்டிருக்கான்னு பாருங்க, இல்லன்னா மழைல மண்ணு ஊறி சுவரத் தள்ளும். 2021 நவம்பர் மழைல நம்ம மாவட்டம் எப்படிக் கெடந்துச்சுன்னு யாருக்கும் மறந்திருக்காது. பழைய மண்ணு கையாலை வீட்டு மேல சாய்ஞ்ச மாதிரி இருந்தா அதையும் குறிச்சுக்கிடுங்க. மேல்விளைக்காரன் தண்ணி நம்ம புரையிடத்து (வீட்டு மனை) வழியாத்தான் எறங்குதுன்னா அதுக்கு ஓடை எங்க இருக்குன்னு கேளுங்க.

கெழக்க அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் கத வேற. அங்க வயல நெரத்திக் கட்டின வீடு நெறைய. நெரத்துன மண்ணு சரியா இறுகலன்னா வீடு ஒரு பக்கமா எறங்கும். அதுக்கு அடையாளம் வெடிப்புதான், ஆனா எல்லா வெடிப்பும் ஒண்ணு இல்ல, இத மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க. பூச்சுல தலமுடி மாதிரி வலைவலையா இருந்தா அது சும்மா பூச்சு காஞ்ச வெடிப்பு, பயப்பட வேண்டாம். தூணும் செங்கல் சுவரும் சேர்ற எடத்துல நேரா மேல இருந்து கீழ வர்ற வெடிப்பும் பெரும்பாலும் பெரிய விஷயம் இல்ல. மேல் தளத்துக்கு நேர் அடியில படுக்க வசத்துல ஓடுறது வெயில்ல தளம் விரிஞ்சு சுருங்குறதால வர்றது, அதையும் சரி பண்ணலாம். ஜன்னல் மூலைல இருந்து சாய்வா படிப்படியா எறங்குற வெடிப்பு, ஒரு பக்கம் அகலமாவும் மறு பக்கம் ஒடுக்கமாவும் இருக்குறது, உள்ளயும் வெளியயும் ஒரே எடத்துல தெரியுறது, இதுதான் அஸ்திவாரம் எறங்குற வெடிப்பு. இதுல ஒரு ரூவா காசு உள்ள போற அளவுக்கு இடைவெளி இருந்தா இஞ்சினியர் என்ன சொல்லுதாருன்னு நல்லாக் கேளுங்க. கதவு தானா மூடுதா, ஜன்னல் புடிக்குதா, தரைல கோலிக்குண்டு வச்சா ஒரே பக்கமா உருளுதா, இதெல்லாம் நீங்களே பாக்கலாம்.

பொறவு மாடி. ஷீட்டு போட்டிருந்தா ஏன் போட்டீங்கன்னு முதல் கேள்வி. துணி காயப் போடன்னு சொல்லலாம், வெயிலுக்குன்னு சொல்லலாம், உண்மையாவும் இருக்கலாம், ஆனா எங்க வீட்டு அனுபவத்துக்குப் பொறவு நான் யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். ஷீட்டுக்கு அடியில தளத்துல பத்து குடம் தண்ணிய ஊத்தச் சொல்லி, அடுத்த நாள் கீழ சீலிங்க பாக்கணும். ஓனர் சம்மதிச்சா தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுறது இன்னும் நல்லது. கைப்பிடிச்சுவரும் தளமும் சேர்ற மூலைலதான் பெரும்பாலும் தண்ணி எறங்கும்.

சீலிங்க டார்ச் அடிச்சுப் பாருங்க, நேரா அடிக்காம சாய்ச்சு அடிக்கணும், அப்பத்தான் உப்பலும் ஒட்டுப் போட்ட எடமும் தெரியும். கம்பி போற திசைலயே நேர்கோடா வெடிப்போ பழுப்புக் கறையோ இருந்தா உள்ள துரு புடிச்சாச்சு. சின்னச் சுத்தியலால மெதுவா தட்டினா நல்ல கான்கிரீட் 'டங்'குன்னு கேக்கும், பிரிஞ்ச கான்கிரீட் பொள்ளலா கேக்கும். இஞ்சினியர்கிட்ட கான்கிரீட் உறுதியா இருக்கான்னு பாக்குற ரீபவுண்ட் ஹாமர் இருந்தா தூண்லயும் பீம்லயும் வச்சு பாக்கச் சொல்லுங்க. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோரத்துல இது ரொம்ப முக்கியம், உப்புக் காத்து ஒரு பக்கம், அந்தக் காலத்துல சிலர் கழுவாத கடல் மணல்ல கலவ போட்டிருப்பாங்க அது ஒரு பக்கம், உப்பு உள்ளயே இருந்தா வெளிய என்ன பெயிண்ட் அடிச்சாலும் கம்பி துரு புடிக்கிறத நிறுத்தாது. வெறும் ஒரு ரூம்ல மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தா அந்த ரூம்லதான் அதிக நேரம் நிக்கணும்.

ஓட்டு வீடுன்னா மச்சுல ஏறணும், வேற வழியே இல்ல. தேக்கு, அயினி, பலாவுல செஞ்ச பழைய உத்தரம் நல்லா இருந்தா நம்ம ஆயுசு கழிஞ்சும் நிக்கும், பத்மநாபபுரம் அரண்மனைய பாத்தவங்களுக்கு மரத்தோட ஆயுச சொல்லவே வேண்டாம். ஆனா சுவருக்குள்ள செருகியிருக்குற நுனிலதான் செதல் ஏறும், நடுவுல பாத்தா ஒண்ணும் தெரியாது. திருப்புளி வச்சு நுனில குத்திப் பாருங்க, வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குனா மாத்தணும். கதவு நிலையோட கீழ்ப்பாகமும் இப்படித்தான். உள் கதவும் அலமாரியும் ரப்பர் மரத்துல செஞ்சிருந்தா மருந்து ஏத்துன மரமான்னு கேளுங்க, ஏத்தலன்னா பூச்சி துளச்சு மாவு கொட்டும்.

கெணறு. நம்மூர்ல வீட்டுக்கு ஒரு கெணறு உண்டு, அதுதான் நமக்கு உயிரு, அதனால இதுல விட்டுக்குடுக்காதீங்க. கழிவுத்தண்ணி எறங்குற குழி குடிதண்ணிக் கெணத்துல இருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்கணும்னு இந்தியத் தரக் குறியீடு சொல்லுது. 5 சென்ட்ல இது வரவே வராது, அதுவும் நம்ம வீட்டுக் குழிய மட்டும் பாத்தாப் போதாது, மதிலுக்கு அந்தப் பக்கம் அவங்க குழி எங்கன்னு எட்டிப் பாக்கணும். தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுத்துருங்க. கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 2,000 வர ஒத்துக்கலாம்னு குடிதண்ணிக்கான இந்தியத் தரக் குறியீடு சொல்லுது. பிஹெச், அதாவது அமில-கார அளவு, 6.5-ல இருந்து 8.5-க்குள்ள இருக்கணும். மலக்கிருமி சோதனையும் சேத்துக் கேளுங்க, உப்பு நல்லா இருந்து கிருமி இருக்குற கெணறு உண்டு.

கரெண்ட்ல ரெண்டே விஷயம் கேளுங்க, எர்த் ஒழுங்கா இருக்கா, ஷாக் அடிச்சா உடனே விழுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கா. குழாய்க்கு எல்லா டேப்பையும் ஒரே நேரத்துல தொறந்து விட்டு, கக்கூஸ்ல ரெண்டு பக்கெட் ஊத்திப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்.

எல்லாம் முடிஞ்ச பொறவு இஞ்சினியர்கிட்ட வாயால சொல்ல வைக்காதீங்க. போட்டோவோட எழுதி வாங்குங்க, எத உடனே செய்யணும், எத ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம், ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய எவ்வளவுன்னு. வெல பேசுறப்ப இந்தக் காகிதத்த மேசைல வச்சா பேச்சே மாறிரும். மச்சான் வீட்டுக்கு இஞ்சினியர் போட்ட கணக்கு 2,40,000 வந்துச்சு, ஓனர் 1,75,000 கொறச்சாரு, சண்டையே வரல.

வேல்யூவர் கணக்குப் போடுற விதம்

ஒரு கணக்கு சொல்லுதேன், வெலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். 6 சென்ட், 1,400 சதுர அடி, 20 வருஷப் பழைய கான்கிரீட் வீடு, ஓனர்கிட்ட பேசுன வெல 58 லட்சம். வேல்யூவர் சென்ட் 5 லட்சம்னு வச்சு நெலம் 30 லட்சம்பாரு. கட்டடத்த இன்னைக்குப் புதுசாக் கட்டுனா சதுர அடி 2,000 வீதம் 28 லட்சம். ஆனா வீட்டுக்கு வயசு 20. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுசு 60 வருஷம், கடைசில 10 சதவீதம் மிஞ்சும்னு வச்சா, 20 வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம். 28 லட்சத்துல 8.4 லட்சம் போக 19.6 லட்சம். மொத்தம் 49.6 லட்சம்.

இப்ப பாருங்க, நீங்க 58 லட்சத்துல 80 சதவீதம், அதாவது 46.4 லட்சம் லோன் வரும்னு நெனச்சிருப்பீங்க. பேங்க் வெலையையும் மதிப்பையும் பாத்து எது கொறவோ அதத்தான் எடுக்கும், 49.6-ல 80 சதவீதம், 39.68 லட்சம். ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்குமான வீட்டுக் கடனுக்கு மதிப்புல 90 சதவீதம் வரை, 30-க்கு மேல 75 லட்சம் வரை 80 சதவீதம், அதுக்கு மேல 75 சதவீதம், இது உச்ச வரம்பு, பேங்க் இதுக்குக் கீழயும் குடுக்கலாம். இதுல பத்திரச் செலவு சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 58 லட்சத்துக்கு 5.22 லட்சம். ஆக உங்க கைல இருந்து 18.32-ம் 5.22-ம் சேத்து 23.54 லட்சம் வேணும். பலரும் அட்வான்ஸ் குடுத்த பொறவுதான் இந்தக் கணக்கப் போட்டுப் பாத்து நகைய அடகு வைக்க ஓடுதாங்க.

வேல்யூவர் வர்ற அன்னைக்கு நீங்களோ உங்க ஆளோ அங்க நிக்கணும். பத்திர காப்பி, பட்டா, புலப்படம், பிளான் அப்ரூவல், வீட்டுத் தீர்வை ரசீது எல்லாத்தையும் ஒரு பைல்ல வச்சுக் குடுங்க. அவரு நாலு எல்லையும் பத்திரத்துல சொன்ன மாதிரி இருக்கான்னு பாப்பாரு, வழி எத்தன அடின்னு பாப்பாரு, அப்ரூவ் வாங்குன பிளானும் கட்டின வீடும் ஒண்ணா இருக்கான்னு பாப்பாரு. 1,000 சதுர அடிக்கு அப்ரூவல் வாங்கிட்டு 1,400 கட்டியிருந்தா மிச்சத்த மதிப்புல சேக்காம விட வாய்ப்பு உண்டு, இது மேல போட்ட மாடிக்கு நெறையா நடக்கும். அவருகிட்ட மதிப்பக் கூட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சாதீங்க. கூட்டிப் போட்டா கடன் கூடுதலா வரும், ஆனா அந்தக் கடன கட்டப் போறது நீங்கதான், வீடு அந்த வெல பெறாது.

மதிப்பு கொறஞ்சு வந்தா பதறாதீங்க. ரிப்போர்ட் காப்பி கேளுங்க. சென்ட் கணக்கு, சதுர அடி, வீட்டு வயசு மூணுலயும் தப்பு வந்திருக்கான்னு முதல்ல பாருங்க, பட்டா ஏர்ஸ் கணக்குல இருக்கும், 1 ஏர்ஸ் 2.47 சென்ட், மாத்துறப்ப தப்பு வரும். தப்பு இருந்தா எழுதிக் குடுத்து திருத்தக் கேளுங்க, இல்லன்னா பேங்க்கோட பட்டியல்ல இருக்குற இன்னொரு வேல்யூவர வச்சுப் பாக்கக் கேளுங்க. தப்பே இல்லன்னா, ஓனர் சொல்லுற வெல கூடுதலான்னு நீங்க யோசிக்க வேண்டிய நேரம் அது.

பத்திர ஆபீஸ்ல இருந்தும் கட்டடத்தப் பாக்க வருவாங்க. அது முத்திரைத் தீர்வைக்காக மட்டும், அவங்க பாத்துட்டாங்கன்னும் நிம்மதியா இருந்துராதீங்க.

இந்த ரெண்டு பேரும் பாக்காத ஒண்ணு

பத்திரத்தோட வேரு, அதாவது இந்த எடம் யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுங்குறது. அத வக்கீல்தான் பாக்கணும், பேங்க் வக்கீல் பாப்பாருன்னு விடாம நீங்களும் ஒருத்தர வச்சுக்கிடுங்க. 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி நாம திருவிதாங்கூர்லயும் பொறவு திருவிதாங்கூர்-கொச்சிலயும் இருந்ததால பழைய ஆதாரம், அதாவது பத்திரம், மலையாளத்துல, கொல்லம் ஆண்டு போட்டு இருக்கும், அத வாசிக்கத் தெரிஞ்ச வக்கீலாப் பாருங்க. கொல்லம் ஆண்டோட 825-ஐக் கூட்டினா ஏறக்குறைய நம்ம ஆண்டு வரும். மலையோரக் கிராமம்னா மலையிடப் பாதுகாப்புப் பட்டியல்லயும் 1949-ம் வருஷத்து தனியார் காடு பாதுகாப்புச் சட்டத்துலயும் அந்த சர்வே நம்பர் வருதான்னும், கடலோரம்னா கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள வருதான்னும், நெலம் நஞ்சையா புஞ்சையான்னும் அவருகிட்ட கேளுங்க.

எதுக்குப் பொறவு எது

மச்சானுக்கு நாங்க செஞ்ச வரிசையச் சொல்லுதேன். முதல்ல பத்திரப் பதிவுத் துறையோட டிஎன்ரெஜிநெட் இணையதளத்துல வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பாத்தோம், அது வீட்ல இருந்தே போன்ல பாக்கலாம். பொறவு இஞ்சினியர். இஞ்சினியர் காகிதத்த வச்சு வெல. அதுக்குப் பொறவு வக்கீல், அதுக்குப் பொறவுதான் அட்வான்ஸும் அக்ரிமெண்டும். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர் 1-ல இருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும், வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்குல குடுக்காதீங்க. அந்த ஒப்பந்தத்துல ரெண்டு வரி சேத்தோம். பேங்க் மதிப்பு பேசுன வெலைக்குக் கீழ வந்து லோன் இவ்வளவுக்குக் கொறஞ்சா அட்வான்ஸ முழுசாத் திருப்பிக் குடுக்கணும்னு ஒண்ணு, ஓனர் சரி பண்ணித் தாரேன்னு சொன்ன வேலைய பத்திரத்துக்கு முன்னாடி முடிக்கணும், இல்லன்னா அந்தத் தொகைய கழிச்சுக்கிடலாம்னு ஒண்ணு. ஓனர் முதல்ல மொகம் சுளிச்சாரு. மச்சான் பக்கத்துல உக்காந்து, "அண்ணாச்சி, நீங்க வீடு வாங்கப் போனாலும் இப்படித்தானே எழுதச் சொல்லுவீங்க"ன்னு கேட்டான், அவரும் ஒத்துக்கிட்டாரு. அதுக்குப் பொறவுதான் பேங்க், வேல்யூவர் எல்லாம்.

பத்திரம் பதியுற அன்னைக்குக் காலைல ஒரு தடவ கூட அந்த வீட்டுக்குப் போங்க. நாங்க போனப்ப கெணத்து மோட்டார கழட்டி வச்சிருந்தாங்க, கேட்டதும் திருப்பி மாட்டித் தந்துட்டாங்க. கையெழுத்து போட்டுட்டு சாயங்காலம் போயிருந்தா அத யாருகிட்ட போய்க் கேட்டிருப்போம்.